மறைந்த நிலவைத் தேடியவர்

நுழையும்முன்

சனிக்கோளைப் பதின்மூன்று ஆண்டுகள் சுற்றிவந்து ஆராய்ந்த ஆளில்லா விண்கலத்தின் பெயர் காசினி. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியல் அறிஞர் ஒருவரின் பெயரே அக்கலத்திற்குச் சூட்டப்பட்டது. வானை அளந்த அப்பெரியார் தம் காலத்தின் இரு பேருண்மைகளை ஏற்க மறுத்தவரும் ஆவார். அவர் மறுத்த அவ்விரு உண்மைகளின் துணைகொண்டே அவர் பெயர் தாங்கிய கலம் சனியை அடைந்தது. அவர் சரியாகக் கணித்த ஒன்றை நேரில் கண்டு உறுதிசெய்ததும் அக்கலமே. அவருடைய வாழ்வையும் அக்கலத்தின் பயணத்தையும் இணைத்துக் காண்கிறது இப்பாடம்.

மலையூரில் பிறந்த மாணவன்

இன்றைய இத்தாலி நாட்டின் வடமேற்கே, கடலை நோக்கிய மலைச்சரிவில் பெரினால்டோ என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1625ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஜியோவானி டொமினிகோ காசினி பிறந்தார். தாய்மாமன் வீட்டில் வளர்ந்த அவர், ஜெனோவா நகரில் இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் பயின்றார். கணக்கிலும் கவிதையிலும் ஒருங்கே ஆர்வம் கொண்டிருந்தார்.

இளமையில் அவரைப் பெரிதும் ஈர்த்தது சோதிடம். சோதிட நூல்களை ஆழ்ந்து கற்ற அவர், அவற்றின் கூற்றுகளுக்கு அடிப்படை இல்லை என்பதை விரைவிலேயே உணர்ந்துகொண்டார். ஆயினும் அச்சோதிடப் புலமையே அவருக்கு வாழ்வின் முதல் வாயிலைத் திறந்துவிட்டது. போலோனா நகரைச் சேர்ந்த மால்வாசியா என்னும் செல்வர், சோதிடத்தில் நாட்டமுடையவர். சொந்தமாக வானாய்வுக்கூடம் அமைத்திருந்தவர். அவர் 1648ஆம் ஆண்டு காசினியைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தார். சோதிடத்திற்காக அழைக்கப்பட்ட இளைஞர் அங்கிருந்த கருவிகளைக் கொண்டு வானியலைக் கற்றார். இரண்டே ஆண்டுகளில், தம் 25ஆம் அகவையில், போலோனாப் பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியரானார்.

தேவாலயத்தில் ஒரு கதிரவக் கோடு

போலோனா நகரின் நடுவே புனித பெட்ரோனியோ தேவாலயம் கம்பீரமாக நிற்கிறது. அதன் தரையில் முன்பே அமைக்கப்பட்டிருந்த நண்பகல் கோடு, கட்டட விரிவாக்கத்தால் பயனற்றுப் போயிற்று. புதிய கோட்டினை அமைக்கும் பணியைக் காசினி 1655ஆம் ஆண்டு மேற்கொண்டார். ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில், மேற்கூரையில் சிறு துளை ஒன்று இடப்பட்டது. அதன்வழி நுழையும் கதிரவ ஒளி, நண்பகலில் தரையிலுள்ள கோட்டின்மீது வட்டமாய் விழும். பெருந்தூண்கள் எவற்றிலும் இடறாமல் அவற்றிற்கு இடையே செல்லுமாறு, ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுள்ள அக்கோட்டினைக் காசினி வகுத்தார். தூண்கள் தடுக்கும் என்று கருதிய பலரும் வியக்கும் வண்ணம் அக்கோடு அமைந்தது.

திருவிழா நாள்களைக் கணிக்க உதவிய அக்கோடு, காசினிக்கு ஓர் ஆய்வுக் கருவியாகவும் ஆயிற்று. கதிரவன் ஆண்டின் ஒரு பகுதியில் விரைந்தும் மறுபகுதியில் மெதுவாகவும் நகர்வதாய்த் தோன்றுகிறது. அது தொலைவு மாறுவதால் விளையும் தோற்றம் மட்டுமா, வேகத்திலும் உண்மையான மாற்றம் உண்டா என்பது அக்காலத்து வினா. தோற்றம் மட்டுமே எனின், ஒளிவட்டத்தின் அளவும் வேகமும் ஒரே விகிதத்தில் மாறவேண்டும். காசினி நாள்தோறும் ஒளிவட்டத்தை அளந்தார். வட்டத்தின் அளவு, வேகம் மாறும் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியளவே மாறுவதைக் கண்டார். எனவே வேகமாற்றம் உண்மையானதே என்னும் கெப்ளரின் கருத்துக்கு அளவைச் சான்று கிடைத்தது.

புவி சுற்றுகிறதா, கதிரவன் சுற்றுகிறதா என்னும் வினாவை இவ்வளவை தீர்த்துவைக்காது. எனினும் கலீலியோவிற்குத் தண்டனை வழங்கப்பட்டு 22 ஆண்டுகளே கடந்திருந்த காலத்தில், போப்பாண்டவரின் ஆட்சிக்குட்பட்ட நகரில், தேவாலயத் தரையிலேயே இவ்வாய்வு நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது.

தொடர்ந்து காசினி தொலைநோக்கியைக் கோள்களின்பால் திருப்பினார். வியாழன் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள 9 மணி 56 நிமிடமும், செவ்வாய் 24 மணி 40 நிமிடமும் எடுத்துக்கொள்வதாகக் கணித்தார். செவ்வாயின் கணக்கில் இன்றைய அளவீட்டிற்கும் அவருடைய அளவீட்டிற்கும் உள்ள வேறுபாடு மூன்று நிமிட அளவினதே. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரங்களை முன்கூட்டியே அறிவிக்கும் அட்டவணைகளை 1668இல் வெளியிட்டார். இரு வேறு ஊர்களில் உள்ளோர் அம்மறைவை ஒரே கணத்தில் காண்பர். அவ்வூர்களின் உள்ளூர் நேரங்களை ஒப்பிட்டால் நெட்டாங்கு வேறுபாடு கிட்டும். உலகப் படங்களைத் திருத்த உதவிய இவ்வட்டவணை, காசினியின் புகழை ஐரோப்பா முழுவதும் பரப்பியது.

பாரிசு நகரில்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, பாரிசில் புதிய வானாய்வுக்கூடம் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய அழைப்பை ஏற்று 1669ஆம் ஆண்டு காசினி பாரிசு சென்றார். சில காலம் தங்கித் திரும்புவதே அவருடைய எண்ணம். ஆனால் வானாய்வுக்கூடமே அவருக்கு வீடாயிற்று. 1673இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, மறு ஆண்டு மணம் புரிந்து, தம் பெயரையும் ழான் தொமினிக் என மாற்றிக்கொண்டார்.

1672ஆம் ஆண்டு செவ்வாய்க்கோள் புவிக்கு மிக அருகில் வந்தது. அவ்வாய்ப்பினைப் பயன்படுத்த ரிஷே என்னும் ஆய்வாளர் தென்னமெரிக்காவின் கயென் தீவிற்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்தும் காசினி பாரிசிலிருந்தும் ஒரே காலத்தில் செவ்வாயை நோக்கினர். இரு நோக்கல்களுக்கும் இடையிலான சிறு கோண வேறுபாட்டைக் கொண்டு கதிரவனின் தொலைவு ஏறத்தாழ 14 கோடி கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டது. உண்மைத் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். கதிரவக் குடும்பத்தின் பேரளவை மனிதர் ஓரளவு சரியாக உணர்ந்தது இதன் பின்னரே ஆகும்.

சனிக்கோளே காசினியின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதனைச் சூழ்ந்திருப்பது வளையம் என்பதை டச்சு அறிஞர் ஹைகன்ஸ் முன்பே விளக்கியிருந்தார். டைட்டன் என்னும் துணைக்கோளையும் 1655இல் கண்டறிந்திருந்தார். வளையம் ஒன்றன்று, இடையே கரிய இடைவெளியால் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் காசினி 1675இல் கண்டார். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்விடைவெளி இன்றும் காசினிப் பிரிவு என்றே அழைக்கப்படுகிறது. சனியின் நான்கு துணைக்கோள்களையும் அவரே கண்டறிந்தார். 1671இல் ஐயாப்பெட்டஸ், 1672இல் ரியா, 1684இல் டெதிஸ், டயோனி ஆகியன அவருடைய பார்வையில் பட்டன. இறுதி இரண்டையும் காண நூறடிக்கு மேற்பட்ட குவியத்தொலைவுடைய வில்லைகள் தேவைப்பட்டன. அவ்வளவு நீண்ட குழாய் செய்ய இயலாமையால், வில்லையை உயரத்தில் பொருத்தி, தரையில் நின்று கண்ணருகு வில்லையைக் கையிற் பிடித்தவாறு நோக்கினர். காற்றின் சிறு அசைவும் காட்சியைக் கெடுத்துவிடும் முயற்சி அது.

தெரிந்து தெளிவோம்

1687இல் சயாம் நாட்டிற்குத் தூது சென்ற பிரெஞ்சு அதிகாரி லா லூபேர், அங்கிருந்து வானியல் கணக்கு விதிகள் அடங்கிய சுவடி ஒன்றைக் கொண்டுவந்தார். காரணம் விளக்கப்படாத எண்களாகவே அமைந்திருந்த அவ்விதிகளின் பொருளைக் காசினி ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அவ்விதிகள் இந்திய வானியல் மரபைச் சார்ந்தவை. பின்னாளில் புதுச்சேரிக்கு வந்த லெ ஜெந்தில் என்னும் பிரெஞ்சு வானியலாளர், தமிழரின் கிரகணக் கணிப்பு முறையைக் கற்று ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தார்.

பாதி வழியில் மறைந்த நிலவு

காசினி கண்ட நான்கு துணைக்கோள்களுள் ஐயாப்பெட்டஸ் அவருக்குப் பெரும் புதிராயிற்று. 1671 அக்டோபரில் சனியின் மேற்கே அதனைக் கண்டார். சனியை ஒருமுறை சுற்றிவர அதற்கு 79 நாள்கள் ஆகும். மேற்கே காணப்பட்ட நிலவு, சுற்றுப்பாதையின் மறுபாதியில் கிழக்கே தோன்றவேண்டும். ஆனால் கிழக்கே எத்தனை முறை தேடியும் அது தென்படவில்லை. மீண்டும் மேற்கே வரும்போது தவறாமல் காட்சி தந்தது.

காசினி இதற்கு ஒரு விளக்கம் கண்டார். நம் நிலவு புவிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, ஐயாப்பெட்டசும் சனிக்கு ஒரே முகத்தைக் காட்டியவாறு சுற்றுகிறது. அதன் ஒரு பாதி ஒளிமிக்கது, மறுபாதி கரியது. மேற்கே இருக்கையில் ஒளிமிக்க பாதியும் கிழக்கே இருக்கையில் கரிய பாதியும் நம்மை நோக்குகின்றன என்பதே அவ்விளக்கம். விளக்கம் பொருத்தமானதுதான். எனினும், கிழக்கே மங்கலாகவேனும் அந்நிலவு காணப்பட்டாலன்றி அது ஊகமாகவே எஞ்சும். காசினி தம் தேடலைக் கைவிடவில்லை. மேம்பட்ட தொலைநோக்கியின் துணையால் 1705ஆம் ஆண்டு கிழக்கே அம்மங்கலான ஒளிப்புள்ளியைக் கண்டார். முதல் முறை கண்டபோது அவருக்கு அகவை 46, இப்போது 80. இடையே 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஏற்க மறுத்த உண்மைகள்

இத்தகைய பொறுமையாளரும் தவறினார். வியாழனின் துணைக்கோளான அயோ மறையும் நேரம், அட்டவணை கூறும் நேரத்திலிருந்து சிலபோது முந்தியும் சிலபோது பிந்தியும் அமைந்தது. ஒளி நம்மை வந்தடையக் காலம் எடுத்துக்கொள்வது இதற்குக் காரணமாகலாம் என்று 1676ஆம் ஆண்டு காசினியே அறிவியல் கழகத்தில் தெரிவித்தார். பின்னர் அக்கருத்தைத் தாமே கைவிட்டார். ஏனைய மூன்று துணைக்கோள்களின் கணக்கில் அதே வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை என்பது அவர் காட்டிய காரணம். அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு இளைஞர் ரோமர் அக்கருத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டார். ஒளிக்கு வேகம் உண்டு என்பதை அவ்வாண்டின் இறுதியில் அவர் அறிவித்தபோது, காசினி அதனை எதிர்த்தார். தம் கையிலிருந்த கண்டுபிடிப்பு இவ்வாறு பிறர் பெயரால் நிலைபெற்றது.

கோள்களின் பாதை நீள்வட்டம் என்ற கெப்ளரின் முடிவிற்கு மாற்றாகக் காசினி வேறொரு முட்டைவடிவ வளைகோட்டை முன்மொழிந்தார். அது வானியலில் நிலைபெறவில்லை. கணிதத்தில் மட்டும் அவர் பெயரால் வழங்குகிறது. நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டையும் அவர் ஏற்கவில்லை. நோக்கலில் நிகரற்றவராய் விளங்கிய அவர், கோட்பாட்டில் பழமையின் பக்கம் நின்றார். இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. அவருடைய அளவுகளை ஏற்ற அறிவியல் உலகமே அவருடைய பிழைகளைத் தள்ளியது. இரண்டிற்கும் சான்று ஒன்றே அளவுகோலாயிற்று.

முதுமையில் காசினியின் கண்ணொளி மங்கி, முற்றிலும் மறைந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் வானை நோக்கிய கண்களுக்கு இரவும் பகலும் ஒன்றாயின. 1712ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், தம் 87ஆம் அகவையில் பாரிசில் காலமானார். அவருக்குப்பின் மகனும் பெயரனும் கொள்ளுப்பெயரனும் அதே ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை வழிவழியாக ஏற்று நடத்தினர்.

சனியை நோக்கிய கலம்

காசினி மறைந்து 285 ஆண்டுகளுக்குப்பின், 1997 அக்டோபர் 15ஆம் நாள், அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து காசினி–ஹைகன்ஸ் விண்கலம் ஏவப்பட்டது. அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை ஆகியன இணைந்து மேற்கொண்ட திட்டம் இது. புவியுடன் தொடர்புகொள்ளும் நான்கு மீட்டர் அகல அலைவாங்கியைக் காசினி பிறந்த இத்தாலி வழங்கியது. சனிக்கு அருகில் கதிரவ ஒளி, புவியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கே கிட்டும். எனவே கதிரவத் தகடுகளுக்கு மாறாகப் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்னாற்றல் பெறப்பட்டது.

எரிபொருளுடன் 5,600 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள இக்கலத்தை நேரே சனிக்குச் செலுத்தும் ஆற்றல் ஏவூர்திக்கு இல்லை. எனவே கோள்களின் ஈர்ப்பு விசையே துணையாக்கப்பட்டது. கதிரவனைச் சுற்றி விரையும் கோளொன்றின் பின்புறமாகக் கலம் கடந்து செல்லும்போது, கோளின் இயக்க ஆற்றலில் மிகச் சிறு பங்கு கலத்திற்கு மாறுகிறது. கலம் வேகம் பெற்றுக் கவணிலிருந்து விடுபட்ட கல்லெனச் செல்கிறது. இவ்வாறு வெள்ளியை இருமுறையும், புவியை ஒருமுறையும், வியாழனை ஒருமுறையும் கடந்து, ஏறத்தாழ 350 கோடி கிலோமீட்டர் பயணம் செய்து, ஏழாண்டுகளில் அது சனியை நெருங்கியது. ஒவ்வொரு திருப்பமும் நியூட்டனின் ஈர்ப்பு விதியால் கணிக்கப்பட்டது. காசினி ஏற்காத விதியே காசினி விண்கலத்தை வழிநடத்தியது.

2004 ஜூலை 1ஆம் நாள், சனியின் ஈர்ப்பு கலத்தைப் பற்றிக்கொள்ளும் பொருட்டு அதன் எந்திரம் ஏறத்தாழ 96 நிமிடம் இயங்கி வேகத்தைக் குறைத்தது. வளையங்களுக்கு இடையே நுழைகையில், தூசு தாக்காதவாறு அலைவாங்கியையே கேடயமாக முன்னிறுத்திச் சென்றது. கலத்தின் சமிக்கை புவியை அடைய 84 நிமிடம் ஆயிற்று. எந்திரத்தில் கோளாறு நேர்ந்தாலும் உடனே திருத்த எவராலும் இயலாது. ஆகவே செய்யவேண்டியன யாவும் முன்கூட்டியே கலத்தின் கணினிக்கு ஆணையாக வழங்கப்பட்டிருந்தன. ஒளி காலம் எடுத்துக்கொள்கிறது என்னும் உண்மையை, அதனை மறுத்தவரின் பெயர் தாங்கிய கலத்தின் பொருட்டு ஒவ்வொரு நாளும் கணக்கில் கொள்ளவேண்டியிருந்தது.

2005 ஜனவரி 14ஆம் நாள், தாய்க்கலத்திலிருந்து முன்பே பிரிந்த ஹைகன்ஸ் ஆய்வி டைட்டனில் மெல்ல இறங்கியது. டைட்டனில் நீர்ம மீத்தேன் நிறைந்த ஏரிகள் இருப்பதைக் காசினி விண்கலம் கண்டது. என்செலடஸ் என்னும் சிறு துணைக்கோளின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிட்டெழுவதையும் அதன் பனி ஓட்டின்கீழ்க் கடல் இருப்பதையும் வெளிப்படுத்தியது.

நிலவு தந்த விடை

2007 செப்டம்பர் 10ஆம் நாள், விண்கலம் ஐயாப்பெட்டசை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் அளவில் நெருங்கிச் சென்றது. ஒரு பாதி கரியைப்போல் கறுத்தும் மறுபாதி பனியாய் வெளுத்தும் அந்நிலவு காட்சியளித்தது. 1705இல் முதியவர் ஒருவர் கண்ணருகு வில்லையின் வழியே கண்டுணர்ந்தது அப்படியே மெய்யாயிற்று. கரிய நிலப்பகுதிக்குக் காசினி வட்டாரம் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

அவர் அறிய இயலாத காரணமும் இப்போது தெளிந்தது. தொலைவிலுள்ள ஃபீபி என்னும் துணைக்கோளிலிருந்து வெளிப்படும் கரிய தூசு, ஐயாப்பெட்டசின் முன்னோக்கிய முகத்தில் படிகிறது. கருமை வெப்பத்தை ஈர்க்கும். அந்நிலவின் ஒருநாள் நமக்கு 79 நாள். எனவே வெயில் நெடுங்காலம் படுகிறது. கரிய பகுதியின் பனி மெல்ல ஆவியாகிக் குளிர்ந்த வெண்பகுதியில் சென்று உறைகிறது. இதனால் கரியது மேலும் கறுக்கிறது. வெளியது மேலும் வெளுக்கிறது.

நிறைவு

2017இல் கலத்தின் எரிபொருள் தீரும் நிலையை எட்டியது. கட்டுப்பாடின்றித் திரியும் கலம் என்செலடசிலோ டைட்டனிலோ மோதினால், அதில் ஒட்டியிருக்கக்கூடிய புவியின் நுண்ணுயிர்கள் அங்குப் பரவக்கூடும். உயிர் வாழத் தகுதியுடையதாகக் கருதப்படும் இடங்களை மாசுபடுத்தலாகாது என்பதால், கலத்தைச் சனியின் வளிமண்டலத்திலேயே எரித்துவிட அறிவியலாளர் முடிவுசெய்தனர். சனிக்கும் வளையங்களுக்கும் இடையே 22 சுற்றுகள் வந்தபின், செப்டம்பர் 15ஆம் நாள் கலம் சனிக்குள் பாய்ந்தது. இறுதிக் கணம் வரை தரவுகளை அனுப்பியவாறே மறைந்தது. அதன் இறுதிச் சமிக்கை புவியை அடைந்தபோது, கலம் அழிந்து 83 நிமிடங்கள் கடந்திருந்தன. வானியலாளர் காசினி மறைந்து 305 ஆண்டுகளும் ஒருநாளும் ஆகியிருந்தன.

எல்லாவற்றையும் சரியாகக் கூறியமையால் காசினி நினைக்கப்படவில்லை. கண்டதைக் கண்டவாறு குறித்துவைத்தார்; விடை கிட்டாத வினாவை 34 ஆண்டுகள் கைவிடாது காத்தார். அவருடைய பிழைகளைத் திருத்தியோரும் அவருடைய குறிப்புகளையே ஆதாரமாகக் கொண்டனர். அறிவியல் ஒருவரோடு முடிவதன்று. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வதற்கு, முன்னவரின் நேர்மையான குறிப்பே வழிகாட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. ஐயாப்பெட்டஸ் கிழக்கே காணப்படாமைக்குக் காசினி தந்த விளக்கத்தைப் படம் வரைந்து வகுப்பில் விளக்குக.

2. தம் கருத்தைத் தாமே கைவிட்ட காசினி, அதனை உறுதியாகப் பற்றிய ரோமர் ஆகிய இருவரின் நிலைகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.